"எல்லாம் ஒண்ணுதான் சார்"னு இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க

பன்னெண்டு வோல்ட் தானே சார், எல்லாம் ஒண்ணுதான். கார் பேட்டரி மாத்தப் போன எல்லாரும் இத கேட்டிருப்பீங்க. இன்னைக்கு காலைல ஒரே கடைக்காரர் வாயால நாலு தடவ கேட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், இன்னும் கை நடுங்குது.

பழைய பேட்டரி மேல இருந்த நம்பர போட்டோ எடுத்துட்டு தான் போனேன். 55பி24ஆர்எஸ். அதுல ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் இருக்கு. 55 அதோட சக்தி, பி அகலமும் உயரமும், 24 நீளம் சென்டிமீட்டர்ல, ஆர் டெர்மினல், அதாவது வயர் மாட்டுற முனை, எந்தப் பக்கம்னு, கடைசி எஸ் தடி டெர்மினல். போட்டோவ மூஞ்சிக்கு நேரா காட்டுறேன், தலைய ஆட்டிட்டு உள்ள போனவரு தூக்கிட்டு வந்தது 55பி24எல். எஸ்ஸும் கிடையாது. அண்ணே பக்கம் மாறியிருக்கேன்னா, "திருப்பி வெச்சா போச்சு சார், எல்லாம் ஒண்ணுதான்."

சரி எப்படி திருப்புறாருன்னு பாத்தேன். திருப்பினா டெர்மினல் ரெண்டும் எதிர் ஓரத்துக்குப் போயிடுது, ப்ளஸ் வயர் எட்டல. எட்டலன்னா நிறுத்தணும்ல? புடிச்சு இழுக்குறாரு. வயர் வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நிக்குது, கிளாம்ப் பாதி தான் உக்காருது, அதுவும் ஒல்லி டெர்மினல்ல லொடலொடன்னு ஆடுது. அதுக்கு ஒரு தகரத்த வெட்டி சொருகப் போறாரு! ப்ளஸ் பக்கம் இப்போ பாடி இரும்புக்கு ரெண்டு விரக்கடை தூரத்துல. பள்ளத்துல ஒரு குலுங்கு குலுங்கி அது இரும்புல பட்டா என்ன ஆகும்? நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், வயர் பத்திக்கும். என் புள்ளைங்க உக்கார்ற வண்டி அது. கழட்டுங்க அண்ணேன்னு கத்துனேன், கடையில இருந்தவங்க எல்லாம் என்னமோ நான் தான் சண்டைக்காரன் மாதிரி பாக்குறாங்க.

அப்புறம் தேடி ஒரு ஆர்எஸ் வந்துச்சு, மேல ஒரு இன்ச் தூசியோட. தேதிய பாத்தா தயாரிச்சு பதினோரு மாசம். மீட்டர் வெச்சு காட்டுங்கன்னேன். "புது பேட்டரிக்கு எதுக்கு சார் மீட்டர்?" விடல. 12.2 வோல்ட் காட்டுது. முழு சார்ஜ்ல இருந்தா 12.6க்கு மேல நிக்கணும், 12.2ன்னா பாதி தான் இருக்கு. அப்படியே மாசக்கணக்கா கெடந்தா உள்ள இருக்குற ஈயத் தகட்டுல சல்பேட் உப்பு படிஞ்சு இறுகிப் போயிடும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. இத புதுசுன்னு நம்ம தலைல கட்டுறாங்க.

பழைய பேட்டரி நெஜமாவே செத்துச்சா இல்ல வண்டி ஓடும்போது பேட்டரிக்கு கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலையான்னு அங்க ஒருத்தரும் கேக்கல. இன்ஜின் ஓடும்போது சாதாரணமா 14 வோல்ட் கிட்ட வரணும், அத பாக்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஆல்டர்னேட்டர் போயிருந்தா புது பேட்டரியும் படுத்துரும், மறுபடி நாம தான் தள்ளணும். சிக்னல்ல நின்னா தானா ஆஃப் ஆகுற ஸ்டார்ட் ஸ்டாப் வண்டிக்கும் இதே மாதிரி ஆளுங்க சாதா பேட்டரிய மாட்டி அனுப்புறாங்க. அதுக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆகுறத தாங்குற ஏஜிஎம் இல்லாட்டி ஈஎஃப்பி வகை பேட்டரி தான் போடணும், ஒரு நாளைக்கு எத்தன தடவ ஸ்டார்ட் ஆகுது, சாதா எப்படி தாங்கும்?

வாரண்டி வேற. அட்டைல பெருசா 60 மாசம். பொடி எழுத்துல பாத்தா பாதிக் காலத்துக்கு தான் புதுசு தருவாங்க, மீதிக்கு வெறும் தள்ளுபடி. அத ஏன் பெரிய எழுத்துல போடக்கூடாது?

கடைசில வேற கடைக்குப் போய் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தயாரிச்சது, 12.7 காட்டுனது, சரியான ஆர்எஸ் வாங்கி மாட்டிட்டேன். ஒரே செல்ஃப்ல எடுத்துச்சு. அப்பாடான்னு ரேடியோவ போட்டா கோட் நம்பர் கேக்குது! பேட்டரிய கழட்டுனா பாட்டு கேக்கக் கூட பாஸ்வேர்ட் வேணும்னு எவன்யா யோசிச்சான்? அந்த நம்பர் இருக்குற கார்ட எங்க வெச்சேன்னு ரெண்டு மணி நேரமா வீட்டையே புரட்டிட்டு இருக்கோம்.