கம்பெனிக்காரன் பார்த்துப்பானாம்

நேற்று ராத்திரி நடந்த அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், எப்படியும் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். அதில் ஒருவர் சொன்னது இது: "காற்றாலை ஆராய்ச்சிக்கு கவர்மெண்ட் எதுக்குங்க காசு கொட்டணும்? கம்பெனிக்காரன் பார்த்துப்பான். வேணும்னா மெஷினை வாங்கிட்டுப் போறோம்." கைதட்டல் வேறு. ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வேண்டும் என்று அதற்கு நான் பதில் எழுதிய நாலு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "மானியக் கோஷ்டி" என்று மேலே எழுதிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். நல்லது. நாலு வரி பத்தவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

காற்றாலை மெஷினை நடுவதற்குக் கொடுக்கிற காசு வேறு, ஆராய்ச்சிக் காசு வேறு. இதைப் பிரிக்கத் தெரியாமல்தான் இத்தனை சத்தமும். வருமான வரியில் 80 சதவீத விரைவுத் தேய்மானச் சலுகை இருந்ததே, மெஷின் விலையில் பெரும்பகுதியை ஆரம்ப வருஷங்களிலேயே செலவாகக் காட்டி வரியைக் குறைக்கிற வழி, அது ஆராய்ச்சி இல்லை. மார்ச் 31-க்குள் மெஷின் ஓட ஆரம்பித்ததாகக் காகிதம் வந்தால் போதும் என்று மில்காரர்கள் அடித்துப் பிடித்து நட்டார்கள். அது வருஷத்துக்கு எத்தனை யூனிட் தரும் என்பது இரண்டாம் பட்சம். 2009-இல் வந்த யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகையும் ஆராய்ச்சி இல்லை. ஆனால் கரண்ட் வந்தால்தான் காசு என்றாவது சொன்னது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு ஒப்புதல் கொடுத்த 7,453 கோடியும் ஆராய்ச்சி இல்லை. அதில் 6,853 கோடி, குஜராத் கடலில் 500, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் நிறுவுவதில் செலவுக்கும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியை அடைக்க. மீதி 600 கோடி துறைமுக வேலைக்கு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "காற்றாலைக்காரன் எவ்வளவுதான் தின்பான்" என்று கேட்பவருக்கு, அதில் ஆராய்ச்சிக்குப் போனது எவ்வளவு என்று பார்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

நான் கேட்பது அளப்பதற்கான காசு. அளந்ததை எல்லாருக்கும் திறந்து வைப்பதற்கான காசு. அவ்வளவுதான்.

அளப்பது என்றால் என்ன, மீட்டர் வைத்தால் தெரியாதா என்று கேட்கிறார்கள். ஒரு மெஷின் எந்தக் காற்றுக்கு எத்தனை கிலோவாட் தருகிறது என்று சான்று கொடுக்கும் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரெக்கைகள் சுற்றும் வட்டத்தின் (ரோட்டர்) விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தூரத்தில், ரெக்கைகள் சேரும் மையமான ஹப்பின் உயரத்துக்கு ஒரு மாஸ்ட், அதாவது அளவுக் கம்பம், நிற்க வேண்டும். 80 மீட்டர் ரோட்டர் என்றால் 200 மீட்டர் தள்ளி. உச்சியில் தரச்சான்று பெற்ற கப் அனிமாமீட்டர் என்கிற காற்று வேகமானி, திசைகாட்டி, வெப்பம், காற்றழுத்தம். பத்து பத்து நிமிஷ சராசரியாகத் தரவு. காற்று வேகத்தை நொடிக்கு அரை மீட்டர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது அரை மணி நேரத் தரவு, மொத்தம் குறைந்தது 180 மணி நேரம். பக்கத்து மெஷினைக் கடந்து குலைந்து வருகிற பின்காற்று விழுகிற திசைத் தரவையெல்லாம் தூக்கிப் போட வேண்டும். முப்பந்தல் மாதிரி மெஷின்கள் தோளோடு தோள் உரசி நிற்கிற இடத்தில் அப்படிக் கழித்தால் கையில் என்ன மிஞ்சும்? தரை மேடு பள்ளமாக இருந்தால் மெஷின் வருவதற்கு முன்பே இரண்டு மாஸ்ட் நட்டு இடத்தையே ஒருமுறை அளந்தாக வேண்டும். காற்றின் சக்தி வேகத்தின் முப்படியில் போகிறது. வேகத்தில் 3 சதவீதம் தப்பு என்றால் சக்தியில் 9 சதவீதம் தப்பு. விற்கிறவனின் லாபமும் வாங்குகிறவனின் வட்டியும் அந்த 9 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. இந்த அளவை விற்கிறவனே எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

"வெளிநாட்டில் ஏற்கனவே அளந்துட்டாங்களே" என்பவருக்கு: எந்தக் காற்றுக்கு எவ்வளவு சக்தி என்று அவர்கள் காட்டுகிற வளைகோடு ஒரு கனமீட்டருக்கு 1.225 கிலோ அடர்த்தியுள்ள காற்றுக்கு. அது 15 டிகிரியில், கடல் மட்டத்தில். கயத்தாற்றில் 35 டிகிரி வெயிலில் அடர்த்தி 1.14 பக்கம் வந்துவிடும். கிட்டத்தட்ட 7 சதவீதம் அங்கேயே காலி. இது கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். தூசி, டவர் உச்சியில் இருக்கிற மெஷின் கூடான நாசெல்லுக்குள் ஏறும் சூடு, மலைக் கணவாயின் கொந்தளிப்புக் காற்று, இதெல்லாம் கணக்கில் வராது. இங்கே வந்து அளந்தால்தான் உண்டு. கலிபோர்னியாவில் பலத்த காற்றில் சில மெஷின்கள் காரணமே இல்லாமல் பாதி சக்திதான் தந்தன. ஏன் என்று பல வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. காற்று மெதுவாக வீசும்போது பறக்கிற பூச்சிகள் ரெக்கையின் முன்விளிம்பில் அடிபட்டு ஒட்டிக்கொள்கின்றன, பலத்த காற்று வரும்போது அதன் விளைவு தெரிகிறது, மழை கழுவினால் சரியாகிறது என்று 2001-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். பூச்சி! இதை எந்த விற்பனைப் பிரதிநிதி வந்து உங்களிடம் சொல்வான்?

டென்மார்க்கைப் பாருங்கள் என்று நேற்று அவரே சொன்னார். பார்ப்போம். 1978-இல் ரிசோ ஆய்வகத்தில் சிறிய காற்றாலைகளுக்கு ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள், அரசுப் பணத்தில். 1979-இல் மெஷின் வாங்குபவருக்கு 30 சதவீத மானியம் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ரிசோவில் அனுமதி பெற்ற மெஷினுக்கு மட்டும். ஒன்று கைவிட்டாலும் மெஷினை நிறுத்த இன்னொன்று இருக்க வேண்டும் என்று இரண்டு தனித்தனி பிரேக் கேட்டார்கள். விவசாயக் கருவி செய்துகொண்டிருந்த பட்டறைகள் அங்கே வந்து, திட்டு வாங்கி, திருத்தி, திரும்ப வந்தன. 1989-இல் மானியத்தையே எடுத்துவிட்டார்கள். தொழில் விழவில்லை, நிலைத்து நின்றது. இதில் "கம்பெனிக்காரன் பார்த்துக்கிட்டான்" என்பது எந்த வரியில் இருக்கிறது என்று யாராவது காட்டுங்கள்.

ஜெர்மனியின் குரோவியான் என்ற ராட்சதக் காற்றாலையை யாராவது தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். 3 மெகாவாட், 100 மீட்டர் ரோட்டர், 1983. மொத்தமே சுமார் 420 மணி நேரம் ஓடி, விரிசல் விட்டு, 1988-இல் இடித்தார்கள். அரசுப் பணம்தான், மறுக்கவில்லை. அமெரிக்காவில் நாசா கட்டிய இரண்டு ரெக்கை ராட்சதர்களும் அதே கதை. ஆனால் இது எனக்கு எதிரான உதாரணமா? சின்னதை அளக்காமல் பெரிதைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தத் தோல்வியிலும் ஒரு லாபம் உண்டு. வட கரோலினாவின் பூன் ஊரில் 1979-இல் நிறுத்திய 2 மெகாவாட் மெஷினில் ரோட்டர் டவருக்குப் பின்பக்கம் சுற்றியது. டவரின் நிழலைக் கடக்கும்போதெல்லாம் 'தம் தம்' என்று அதிர்வு, வீடுகளில் புகார். அரசு ஆய்வாளர்கள் வந்து அளந்து எழுதி வெளியிட்டார்கள். ரோட்டரை முன்பக்கம் வைப்பதே மேல் என்பதற்கு அதுவும் ஒரு காரணமானது. தனியார் மெஷினாக இருந்திருந்தால் நஷ்டஈடு கொடுத்து வாயை அடைத்திருப்பார்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், வயிற்றெரிச்சல் அங்கேதான். 750 கிலோவாட் மெஷின் முழுக் காற்றில் ஒரு நாளைக்கு 18,000 யூனிட் தரும். யூனிட் 3 ரூபாய் என்றே வையுங்கள், நாளுக்கு 54,000 ரூபாய். காற்று சீசனான ஆடியில் அதன் கியர்பாக்ஸ் போனால் என்ன நடக்கும்? முதலில் ஆயில் சூட்டு அலாரம் வரும். ஃபில்டரில் இரும்புத் துகள் மின்னும். சீசன் ஆயிற்றே என்று யாரும் நிறுத்த மாட்டார்கள். கடைசியில் அதுவே டிரிப் ஆகும்போது கிரேன் கிடைக்காது, எல்லாரும் அதே வாரம் கேட்பார்கள். வாரக்கணக்கில் மெஷின் நிற்கும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் பல் காரணமாக இருக்காது, பேரிங்தான். ஏன் பேரிங்? இதற்காகத்தான் 2007-இல் அமெரிக்க எரிசக்தித் துறைப் பணத்தில், அவர்களின் தேசிய ஆய்வகம் ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. இரண்டு 750 கிலோவாட் கியர்பாக்ஸ்களுக்குள் உணரிகளைப் பொருத்தி, ஒன்றைக் காற்றிலும் ஓட்டி, சோதனை மேடையிலும் சுற்றிப் பார்த்தார்கள். ரோட்டரின் எடையும் காற்று தள்ளுகிற வளைவும் தண்டு வழியாக உள்ளே வந்து, நடுச்சக்கரத்தைச் சுற்றி வருகிற கோள் பற்சக்கரங்களின் பேரிங்குகளில் பாரத்தைச் சமமில்லாமல் ஏற்றுகின்றன. முறுக்குவிசையை மட்டும் வைத்துப் போட்ட வடிவமைப்புக் கணக்கு இதைப் பிடிக்கவில்லை. முடிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 750 கிலோவாட் மெஷின் நம் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டாம். கம்பெனிகளுக்கு இது முன்பே தெரியாதா என்றால், கொஞ்சம் தெரிந்திருக்கும். பூட்டி வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, போட்டியாளனுக்கு யார் சொல்வார்கள்? அதனால்தானே பொதுப்பணம் என்கிறேன்!

"அரசு நிறுவனம் ஆமை வேகம்" என்பதில் பாதி உண்மை. ஆனால் 1980-களில் வானிலை விஞ்ஞானி அன்னா மாணி நாடு முழுக்க மாஸ்ட் நட்டுக் காற்றை அளந்தது அரசுப் பணத்தில்தான். சென்னைப் பள்ளிக்கரணையில் 1998-இல் தொடங்கிய, இன்று தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்கிற நிறுவனமும், டென்மார்க் உதவியோடு வந்த கயத்தாறு சோதனை நிலையமும் அரசுப் பணம்தான். 150 மீட்டர் உயரத்தில் இந்தியாவில் 1,164 கிகாவாட் வாய்ப்பு என்று எல்லாக் கம்பெனியும் தன் விளக்கப்படத்தில் போட்டுக்கொள்கிறதே, அது அந்த நிறுவனம் போட்ட மதிப்பீடு. ஆமை போட்ட மேப்பை வைத்துத்தான் முயல்கள் நிலம் வாங்குகின்றன. 

அடுத்து வரப்போவதை நினைத்தால்தான் கோபம் அடங்கவில்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் கொள்கை வெளியிட்டது. வழக்கமான வடிவமைப்பு ஆயுள் 20 வருஷம். தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் மெஷின்கள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம் என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டுமென்றால் டவர் துண்டுகளை இணைக்கிற ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை அல்ட்ராசோனிக் வைத்துப் பார்க்க வேண்டும், ரெக்கையின் அடிப்பகுதி போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும், அஸ்திவார வளையத்தைச் சுற்றிக் கான்கிரீட்டில் விரிசல் இருக்கிறதா பார்க்க வேண்டும், ரெக்கை நுனியில் திரும்பி வேகத்தை அடக்குகிற நுனி பிரேக் நிஜமாகவே திறக்கிறதா என்று ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: இத்தனை வருஷம் பக்கத்து மெஷின்களின் பின்காற்றில் அடிவாங்கிய உலோகத்தில் இன்னும் எவ்வளவு ஆயுள் பாக்கி? அதற்கு டவரிலும் ரெக்கையிலும் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி ஒரு சீசன் முழுக்க அளக்க வேண்டும். வகைக்குச் சில மெஷின்களை எடுத்து அளந்து வெளியிட்டால் அந்த வகை முழுக்கப் பயன்படும். ஒரே ஒரு மெஷின் வைத்திருக்கிற ஆள் இந்தச் செலவைச் செய்ய மாட்டார். பராமரிப்பு ஒப்பந்தக்காரரும் செய்ய மாட்டார், அவருக்கு அடுத்த வருஷ ஒப்பந்தமே நிச்சயமில்லை. ஆபத்து யாருக்கு? பழுது பார்க்க மேலே ஏறுகிற இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு.

கம்பெனிக்காரன் பார்த்துப்பான் என்றீர்களே. அந்தப் பழைய மெஷின்களில் பலவற்றைச் செய்த கம்பெனிகளே இன்று இல்லை. யார் பார்ப்பது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.