விதைநெல்லைக் காத்த டெட்ராய்ட்

2025 அக்டோபர் 10 அன்று இரவு தொடங்கிய பேஸ்பால் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) ஆட்டத்தில், எங்கள் மிச்சிகன் நேரப்படி மணி ஒன்றைத் தாண்டிய பிறகு, சியாட்டில் அணியின் ஹோர்ஹே பொலாங்கோ அடித்த பந்து வலப்புற மைதானத்தில் விழுந்தது. வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினைந்தாவது இன்னிங்ஸில் 3-2 என்ற கணக்கில் டெட்ராய்ட் டைகர்ஸின் 2025 சீசன் முடிந்துபோனது. ஆறு இன்னிங்ஸ் வீசிய எங்கள் பந்துவீச்சாளர் டாரிக் ஸ்கூபல் பதின்மூன்று பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது) செய்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் கெர்ரி கார்ப்பெண்டர் அடித்த ஹோம் ரன்னில் இரண்டு ரன்கள் கிடைத்தன. அதன் பிறகு ஒன்பது இன்னிங்ஸ்கள், ஒரு ரன்கூட இல்லை. பேஸில் ஆள் ஏறி நிற்பதும், அடுத்து வருபவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவதுமாக அந்த இரவு கழிந்தது.

தோல்வியின் வேர் அந்த இரவில் இல்லை, ஜூலை மாதக் கடைசியில் இருக்கிறது என்பதே என் கருத்து.

பேஸ்பாலில் ஜூலை இறுதியில் ஒரு கெடு உண்டு. அதற்குள் கோப்பைக்கு வாய்ப்புள்ள அணிகள் வாய்ப்பிழந்த அணிகளிடமிருந்து தேர்ந்த வீரர்களை வாங்கிக்கொள்ளும். விலையாகக் கொடுப்பது பெரும்பாலும் மைனர் லீக்கில் (அணிகளின் பயிற்சிக் களமான கீழ்நிலை லீக்) வளர்ந்துகொண்டிருக்கும் இருபது வயதுப் பையன்களை. மேல்நிலைக்கு (மேஜர் லீக்) வந்த ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் அந்த அணியின் பிடியிலேயே இருப்பார் என்பதும், அவற்றில் முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே (2025இல் அது 7,60,000 டாலர்) ஆடுவார் என்பதும் விதி. ஆகவே நிர்வாகங்கள் இந்தப் பையன்களை விதைநெல்லைப் போலப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

ஜூலைத் தொடக்கத்தில் டெட்ராய்ட் தன் பிரிவில் (ஐந்து அணிகள் கொண்ட குழு) கிளீவ்லேண்டைவிடப் பதினைந்தரை ஆட்டங்கள் முன்னால் இருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் கெடு நாளுக்குள் நிர்வாகம் வாங்கியவர்களைப் பாருங்கள்: கிறிஸ் பேடக், 41 வயதான சார்லி மார்ட்டன், கைல் ஃபினெகன், இன்னும் சில பந்துவீச்சாளர்கள். ஃபினெகன் நன்றாகவே வீசினார், மறுக்கவில்லை. மார்ட்டனைச் செப்டம்பர் முடிவதற்குள் அவர்களே கழற்றிவிட்டார்கள். பேட்டைத் தூக்கி ஆட்டத்தை மாற்றக்கூடிய ஒருவர்கூட வரவில்லை. முன்னிலை கரைந்து, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டம் கிளீவ்லேண்டுக்குப் போனது; பட்டமில்லாமலேதான் பிளேஆஃபுக்குள் நுழைந்தோம்.

அதே வாரத்தில் சியாட்டில், அரிசோனாவிடமிருந்து 36 ஹோம் ரன் அடித்திருந்த யூஜீனியோ சுவாரஸை வாங்கியது. விலை, டைலர் லாக்லியர் என்ற முதல் பேஸ் வீரரும் இரண்டு இளம் பந்துவீச்சாளர்களும். தன் தலைசிறந்த இளைஞர்களை அது தொடவேயில்லை. சுவாரஸ் சியாட்டிலில் சீசன் முழுவதும் ஜொலித்தார் என்று சொல்ல முடியாது, அடித்த சராசரி மிக மோசம். ஆனால் டெட்ராய்ட்டுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், நம் மைதானத்திலேயே, அவர் ஒரு ஹோம் ரன் அடித்தார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2014இல் அவர் அறிமுகமானதே டைகர்ஸுக்காகத்தான். ஒரே சீசன் ஆடிவிட்டுப் போன ஆல்ஃபிரெடோ சிமோனுக்காக அந்த ஆண்டு டிசம்பரில் அவரைத் தாரை வார்த்தது நாம்தான்.

எங்கள் தெருவில் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை வந்தால், "ஸ்மோல்ட்ஸை மறந்துவிடாதே" என்பார். இந்த ஊரில் அந்தப் பெயர் ஒரு பூச்சாண்டி. மிச்சிகனின் லான்சிங்கில் வளர்ந்த டைகர்ஸ் ரசிகரும் எங்கள் அணியின் இளம் பந்துவீச்சாளருமான ஜான் ஸ்மோல்ட்ஸ், 1987 ஆகஸ்டில் இருபது வயதில், அட்லாண்டாவுக்குக் கொடுக்கப்பட்டார். பதிலுக்கு வந்தவர் 36 வயதான பந்துவீச்சாளர் டாயில் அலெக்சாண்டர். ஸ்மோல்ட்ஸ் பின்னர் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்) பெற்று, 1996இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கி, 2015இல் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இந்தப் பாதிக் கதையைச் சொல்லித்தான் ஊரே பயப்படுகிறது.

மறுபாதி இது. வந்த அலெக்சாண்டர் ஒன்பது ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை, அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) வெறும் 1.53. டொரண்டோவைத் தாண்டிய டெட்ராய்ட் கடைசி நாளில்தான் பிரிவை உறுதிசெய்தது, வித்தியாசம் இரண்டே ஆட்டங்கள். அவர் இல்லாமல் அந்தப் பட்டம் இல்லை. பிளேஆஃபில் மின்னசோட்டாவிடம் அவர் இரண்டு முறையும் அடி வாங்கினார் என்பது உண்மைதான், ஆனால் அதை ஆகஸ்டில் யார் கண்டது? கொடுக்கப்பட்ட அன்று ஸ்மோல்ட்ஸ் டபுள் ஏ (மைனர் லீக்கின் ஒரு படி) அணியில் 4 வெற்றி, 10 தோல்வியோடு இருந்த பையன். அன்றைக்கு அது சரியான பேரம். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

தவறான பேரம் எது என்று கேட்டால் பாஸ்டனைக் காட்டுவேன். 1990 ஆகஸ்ட் 30 அன்று, பிரிவில் ஏற்கெனவே முன்னணியில் இருந்த ரெட் சாக்ஸ், ஜெஃப் பேக்வெல் என்ற மைனர் லீக் இளைஞரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து லாரி ஆண்டர்சன் என்ற ரிலீவரை (ஆட்டத்தின் இடையில் இறங்கி வீசும் பந்துவீச்சாளர்) வாங்கியது. அவர் வீசியது 22 இன்னிங்ஸ். பிளேஆஃபில் ஓக்லண்ட் நான்கு ஆட்டங்களிலும் பாஸ்டனைத் தோற்கடித்தது, ஆண்டர்சன் அடுத்த சீசனில் சான் டியேகோவுக்குப் போய்விட்டார், பேக்வெல் ஹூஸ்டனில் 449 ஹோம் ரன் அடித்தார். சில வார வேலைக்கு, அதுவும் நாளுக்கு ஓர் இன்னிங்ஸ் வீசுபவருக்கு, முழு வீட்டையும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

எதிர்ப்பக்கமும், அதாவது விற்கும் பக்கமும், டெட்ராய்ட்டுக்குத் தெரியாததல்ல. 2017 ஆகஸ்ட் 31 அன்று எங்கள் நட்சத்திரப் பந்துவீச்சாளர் ஜஸ்டின் வெர்லேண்டரை ஹூஸ்டனுக்கு விற்று மூன்று இளைஞர்களை வாங்கினோம். அவர்களில் பெரிதாகப் பேசப்பட்ட பிராங்க்ளின் பெரெஸ் காயங்களால் மேல்நிலைக்கு வரவேயில்லை, நிலைத்தவர் கேட்சர் ஜேக் ரோஜர்ஸ் ஒருவர்தான். ஹூஸ்டன் அந்த ஆண்டே கோப்பையை வென்றது (அவர்கள் எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரம் தனிக் கதை). வெர்லேண்டர் அங்கே மேலும் இரண்டு சை யங் விருதுகள் வாங்கினார். பெயர் பெற்ற விதையெல்லாம் முளைப்பதில்லை என்பதற்கு இந்த ஊரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்போது எங்கள் மைனர் லீக்கின் தலைசிறந்த இளைஞர்களாக இருந்த கெவின் மெக்கோனிகலையும் மேக்ஸ் கிளார்க்கையும் நிர்வாகம் கொடுக்காததில் எனக்குக் குறை இல்லை. நானும் கொடுத்திருக்க மாட்டேன். அவர்களுக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்களில் இருவரையோ மூவரையோ கொடுத்து ஓர் அடிப்பவரை வாங்கியிருக்கலாம் என்பதுதான் என் வாதம். சியாட்டில் அதைத்தான் செய்தது. முந்தைய ஆண்டு கெடு நாளையொட்டிப் பந்துவீச்சாளர் ஜாக் ஃப்ளாஹெர்டியை டாட்ஜர்ஸ் அணிக்கு விற்ற பிறகும் அணி பிளேஆஃபுக்குப் போனதால், பெரிதாக எதையும் வாங்காமலே சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு நிர்வாகத்துக்கு வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். நல்ல மழை பெய்த ஆண்டிலும் விதைநெல்லைக் குதிரிலேயே பூட்டி வைத்தால் அதற்கு எலிதான் மிஞ்சும்.

ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, பெரியவர் வாசலில் காய்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். ஸ்மோல்ட்ஸ் பெயரை அவர் எடுக்கவில்லை. ஸ்கூபல் இன்னும் எத்தனை நாள் நம்மிடம் இருப்பார் என்று மட்டும் கேட்டார். 2026 சீசன் வரைதான் என்றேன்.