எட்டரை என்றால் எட்டரைக்கு வாருங்கள்

வார இறுதியில் நண்பர்கள் ஓட்டலில் கூடிச் சாப்பிடும் காலை உணவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

எட்டரை மணி என்று முந்தின இரவே வாட்ஸ்அப்பில் முடிவாகிறது. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். காலையில் போனால் பெரிய மேசையில் இரண்டே பேர். மற்றவர்களுக்கு ஃபோன் போட்டால் "பக்கத்துல வந்துட்டேன்" என்கிறார்கள், பின்னால் குளியலறைக் குழாய்ச் சத்தம் கேட்கிறது.

பரிமாறுபவர் வந்து காலி நாற்காலிகளைப் பார்க்கிறார், போகிறார், மறுபடி வருகிறார். வாசலில் இடம் கிடைக்காமல் குழந்தையோடு நிற்கும் குடும்பம் எங்களையே முறைக்கிறது. அந்த முறைப்பை வாங்குவது நேரத்துக்கு வந்தவர்கள்தான். தாமதமாக வருகிறவருக்கு அது தெரியப் போவதே இல்லை.

சரி, ஒருவழியாக வந்து சேர்கிறார்கள். அதற்குள் எங்கள் தட்டு காய்ந்துவிடுகிறது. அவர்கள் சாப்பாடு சொல்லும்போது முதலில் வந்தவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்து கிளம்பிவிடுகிறார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசத்தானே இந்த ஏற்பாடே? அதுதான் நடப்பதில்லை. இத்தனைக்கும் அலுவலகக் கூட்டத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாத ஆட்கள் இவர்கள். நண்பன் என்றால் காத்திருப்பான் என்ற தைரியம்!

எட்டரை கஷ்டமா, ஒன்பதரை என்று வைத்துக்கொள்வோம், அதற்காவது வாருங்கள். வர முடியாதென்றால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள், சின்ன மேசையாகப் பிடித்துக்கொள்கிறோம்.