டீ குடித்தால் எலும்பு கரையாது

“டீ எலும்பைக் கரைக்கும், மலைக்காரர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது அதனால்தான்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி கோத்தகிரிப் பக்கம் சுற்றுகிறது. தவறு. டீயிலுள்ள காஃபீன் சிறுநீரில் கொஞ்சம் கால்சியத்தை வெளியேற்றும், அவ்வளவுதான். ஒரு கப்பில் போவதை இரண்டு கரண்டி பாலே ஈடுகட்டிவிடும்.

இதை நம்பி என் சித்தி பால் டீயை நிறுத்திவிட்டார். அவர் நாள் முழுக்கக் குடித்த பாலே அதுதான்! இப்போது காலையில் இரண்டு வர்க்கி, வெந்நீர். அப்புறம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். பெரியவர்களுக்குத் தினம் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியிலேயே 350 அளவுக்குக் கிடைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். புகையும் மதுவும் கெடுதல். மேடேறி நடப்பது நல்லது. பனிமூட்டம் விலகினால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் வெயிலில் நில்லுங்கள், சித்தி. பால் டீயும் குடியுங்கள்.