ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னார்கள், எங்கிருந்து?

2024 நவம்பரில் கங்குவா படம் வந்தபோது கதையைவிட அதன் காதைப் பிளக்கும் சத்தத்தைப் பற்றித்தான் ஆளாளுக்கு எழுதினார்கள். ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியே வருத்தப்பட்டு எழுதினார். அப்புறம் தயாரிப்பாளர், வால்யூமை இரண்டு பாயின்ட் குறைத்து வைக்கும்படி தியேட்டர்களுக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இன்னும் தீரவில்லை. இரண்டு பாயின்ட் சரி, எந்த நம்பரிலிருந்து?

ஆபரேட்டர் ரூமில், ஹாலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி ப்ராசஸர் என்ற கருவியில் வால்யூம் 0 முதல் 10 வரை இருக்கும். இதில் 7 என்பதுதான் நிலையான அளவு. படத்துக்குக் கடைசி மிக்ஸிங், அதாவது வசனத்தையும் இசையையும் மற்றச் சத்தங்களையும் அளவாகச் சேர்க்கும் வேலை, செய்கிறவர் தன் அரங்கில் 7-இல் வைத்துக் கேட்டு முடிவு செய்கிறார், தியேட்டரிலும் 7 வைத்தால் அவர் கேட்டதே நமக்கும் கேட்கும் என்பது ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிங்க் நாய்ஸ் என்று ஓர் இரைச்சலை ஓடவிட்டு, திரையிலிருந்து ஹாலின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் மைக்கை வைத்து, திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல், சுவர்களில் இருக்கும் இடது வலது சரவுண்ட் ஸ்பீக்கர் வரிசைகள் தலா 82 டெசிபல் வரும்படி சரி செய்ய வேண்டும். இதைச் செய்யாத தியேட்டரில் 7 என்பது வெறும் நம்பர்.

இதைவிட முக்கியமான விஷயம், அந்த நம்பர்கள் ஒரே சீராக இறங்குவதில்லை. 4-க்கு மேலே ஒரு பாயின்ட்டுக்கு 3.3 டெசிபல்தான். 4-க்குக் கீழே போனால் ஒரு பாயின்ட்டுக்கு 20 டெசிபல். 7-இல் ஓட்டுகிற தியேட்டர் இரண்டு குறைத்து 5 வைத்தால் ஆறேழு டெசிபல் இறங்கும், காதுக்கு இதமாக இருக்கும். ஏற்கெனவே 5-இல் ஓட்டுகிறவர் சொன்னபடி 3-க்கு வந்தால் 23 டெசிபல் போய்விடும், கதாநாயகி வாயசைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நம்மூரில் பல தியேட்டர்கள் 5 பக்கம்தான் ஓடுகின்றன என்று தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஏன் 7-இல் ஓட்டுவதில்லை? முதல் காரணம் விளம்பரமும் ட்ரெய்லரும். படம் தொடங்குமுன் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எல்லாம் வரிசையாக வந்து அலறும். ஜனங்கள் முகம் சுளிப்பார்கள், மேனேஜர் ஓடிவந்து குறைக்கச் சொல்வார். குறைத்தது குறைத்ததுதான், படம் தொடங்கியபின் யாரும் ஏற்றுவதில்லை. தியேட்டர்காரன் எப்படியும் குறைப்பான் என்று தெரிந்து மிக்ஸிங்கிலேயே சத்தத்தைத் தூக்கி வைக்கிறார்கள். அதைக் கேட்டு இவர்கள் இன்னும் குறைக்கிறார்கள். இத்தனைக்கும் இப்போதைய டிஜிட்டல் சர்வரில் விளம்பரத்துக்கு ஒரு அளவு, படத்துக்கு ஒரு அளவு என்று ப்ளேலிஸ்டிலேயே போட்டு வைக்க வழி உண்டு. ஒரு நாள் உட்கார்ந்து செய்கிற வேலை.

"நம்ம திருநவேலி ஆளுகளுக்குச் சத்தம் இருந்தாத்தான் படம் பார்த்த மாதிரி இருக்கும்" என்று, கூட்டி வைத்து ஓட்டுகிற தியேட்டர்காரர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். கேட்டாலே எரிச்சல் வரும். கோயில் கொடையில் வளர்ந்தவர்கள்தான் நாம், இல்லை என்று சொல்லவில்லை. குழாய் ஸ்பீக்கரும் நையாண்டி மேளமும் விடிய விடியக் கேட்டிருக்கிறோம். ஆனால் அது வெட்டவெளி. தாங்கவில்லை என்றால் எழுந்துபோய் டீக்கடையில் நின்றுகொள்ளலாம். இன்னொன்று, அதே கொடையில் வில்லுப்பாட்டு தொடங்கினால் நம் ஆட்கள் என்ன கேட்பார்கள்? சொல் விளங்கவில்லை, மைக்கைச் சரி பண்ணுங்க என்று முன்வரிசைப் பாட்டையாக்கள் விடமாட்டார்கள். கதை காதில் விழவேண்டும், அவ்வளவுதான். அதே காதோடுதான் நாம் தியேட்டருக்கும் போகிறோம்.

பாளையங்கோட்டைப் பக்கம் முன்பு ஆபரேட்டராக இருந்த ஓர் அண்ணாச்சியிடம் ஒருதரம் கேட்டேன், ஏன் இப்படிக் கூட்டி வைக்கிறீர்கள் என்று. "தம்பி, கூட்டுன்னு சொல்லுதவன் விசிலடிச்சுச் சொல்லுதான். குறைன்னு சொல்லுதவுக எந்திச்சு வெளிய போயிருதாவ. எனக்கு ரூமுக்குள்ள விசில்தான கேக்கும்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால், அங்கே மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்பது ஹாலில் கேட்பது அல்ல. முதல் நாள் முதல் காட்சிக்குக் கூட்டத்தின் கூச்சலுக்கு மேலே எடுபட ஏற்றி வைத்த அளவு, செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படியே இருக்கும். ஆள் நிறைந்த ஹாலில் உடம்பும் துணியும் கொஞ்சம் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். காலி நாற்காலிகளில் அது எதிரொலித்துத் திரும்பி வரும். அதிலும் சுவரில் துணி கிழிந்து தொங்கும் பழைய பெரிய தியேட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நம்மில் பலர் "சத்தம் பத்தலை" என்று கத்துவது உண்மையில் சத்தத்துக்காக இல்லை, வசனம் புரியாததற்காக. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில் வரும். இசை அதிகமும் இடது, வலது, சரவுண்டில் வரும். சென்டரின் மேல்பகுதியில் கீச்சொலிகளைத் தரும் ஹார்ன் ட்ரைவர் என்ற பாகம் போய்விட்டால் ச, த, ப எல்லாம் மழுங்கி, பேச்சு தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். திரையின் நுண்ணிய துளைகளில் வருஷக்கணக்கில் தூசி அடைத்தாலும் இதே கதிதான். அப்போது வால்யூமைக் கூட்டினால் வசனம் தெளியாது. அதோடு சேர்ந்து அடிதடியும் பின்னணி இசையும்தான் இன்னும் பெரிதாகும். ஒரு ட்ரைவர் மாற்றவேண்டிய இடத்தில் வருஷம் முழுக்க நம் காதைப் பிடித்துத் திருகுகிறார்கள். (இசையை வசனத்தின் தலையிலேயே ஏற்றி மிக்ஸ் செய்த படங்களும் உண்டு. அதற்குத் தியேட்டர் பொறுப்பில்லை, சென்னைதான் பதில் சொல்லவேண்டும்.)

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப்படம் போடுமுன் மேனேஜரோ ஆபரேட்டரோ ஐந்து நிமிஷம் ஹாலுக்குள் உட்கார்ந்து கேட்கட்டும். சத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைக்கட்டும். செல்போன் செயலி தோராயமாகத்தான் காட்டும், பெரிய சத்தத்தில் போன் மைக்கே திணறும், அதை நம்பிச் சண்டைக்குப் போக முடியாது. நாமும் இடைவேளையில் போய்ச் சொல்லும்போது "சத்தம் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்த வரிசை, வசனம் கேட்கவில்லையா, பேஸ் அதிருகிறதா, ஏ.சி. இரைச்சலா என்று சொன்னால் அவருக்கும் எதைத் தொடுவது என்று தெரியும்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் வெளியேற வசதி என்று சுவரோர இருக்கையாகத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சரவுண்ட் ஸ்பீக்கர் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, பிள்ளையின் தலைக்கு நேர் மேலே. நடுவில் நடைபாதை உள்ள ஹாலாக இருந்தால் அந்த நடைபாதை ஓரத்தில் கேளுங்கள். சண்டைக் காட்சி தொடங்கியதும் பிள்ளை வீறிட்டால் சமாதானப்படுத்திப் பார்க்கவேண்டாம், தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வரும் வழியில் மேனேஜரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.