அந்தச் சிவப்பு நாற்காலி

ஒரு கட்டுரை படித்தேன். பிரெஞ்சு ஓவியர் செசான் 1877 வாக்கில், பின்னாளில் தன் மனைவியான ஒர்தான்ஸை வரைந்த ‘சிவப்பு நாற்காலியில் மேடம் செசான்’ படத்தில் முகம் உம்மென்று இருக்கிறதாம். அதனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லையாம். கட்டுரையாளர் இப்படி முடிச்சுப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. பல காலம் தனித்தனியே வாழ்ந்தது உண்மைதான். ஆனால் செசானுக்கு முன்னால் உட்கார்ந்தவர் யார் சிரித்தார்? ஓவிய வணிகர் வொல்லார் 115 தடவை உட்கார்ந்தும் படம் முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கொஞ்சம் அசைந்ததற்கு, "ஆப்பிள் அசையுமா?" என்று செசானிடம் திட்டு வேறு! ஒர்தான்ஸ் உட்கார்ந்தது ஏறத்தாழ 29 எண்ணெய் ஓவியங்களுக்கு. முகம் எப்படி இருக்கும்?

முகத்தை விடுங்கள், பாவாடையைப் பாருங்கள். செங்குத்தாக இறங்கும் அந்தப் பட்டைகளில் துணியின் மடிப்பு எது, வெறும் நிறம் எது என்று பிரிக்க முடியாது. சுவர்த்தாளின் மஞ்சள்பச்சை அப்படியே கன்னத்திலும் ஏறியிருக்கிறது. சிவப்பு நாற்காலி பின்னால் நிற்காமல் அவரோடு சேர்ந்து முன்னால் வருகிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கி, மடியில் கோத்திருக்கும் விரல்களைப் பாருங்கள். நகம் கிடையாது, ரேகை கிடையாது. நாலைந்து தீற்றல்தான்.