ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது

போன மாதம் அக்கா வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் 14 பக்க ரிப்போர்ட் ஒன்றை அனுப்பினார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்களே, அந்த மாதிரி ஒரு 'ஹார்ட் பேக்கேஜ்'. எல்லாம் பச்சை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாப்ள, ஹார்ட் க்ளியர். மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கிறது வெறும் கேஸ்தான் போல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சானுக்கு 52 வயது. அவருடைய அப்பா 48 வயதில் மாரடைப்பில் போனவர்.

நான் 22 வருடமாக லேப் டெக்னீசியன். ரத்தத்தைச் சோதித்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்: இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று நம்ம ஊர் லேபில் எடுக்கிற எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

மச்சான் ரொம்ப நம்பியது ட்ரோபோனினை. அது இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசை செல் சாகும்போது ரத்தத்தில் கசியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாரடைப்பைக் கண்டுபிடிக்க சிகே-எம்பி என்ற டெஸ்டைப் பார்ப்போம். அதற்கு வெகு முன்னால், 1954இல், கல்லீரலுக்குப் பார்க்கிற எஸ்ஜிஓடியே மாரடைப்பில் ஏறுவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். ட்ரோபோனின் வந்த பிறகு அதெல்லாம் ஓரம்போய்விட்டது. அவ்வளவு நுணுக்கமான டெஸ்ட். ஆனாலும் வலி தொடங்கி முதல் சில மணி நேரத்தில் அது ஏறாமல் இருக்கலாம் என்பதால்தான் எமர்ஜென்சியில் ஒருமுறை எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் என்ன தெரியும்? அந்த நேரத்தில் தசை சாகவில்லை என்று தெரியும். குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும் அது பச்சையாகவே வரலாம்.

அதே பேக்கேஜை எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கு ஹோமோசிஸ்டீன் சிவப்பு. ரத்தத்தில் இருக்கிற ஓர் அமினோ அமிலம் அது. மனுஷன் இரண்டு நாள் தூங்கவில்லை. ஃபோலிக் ஆசிட், பி12 கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் குறையும், உண்மைதான். ஆனால் 2006இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அப்படிக் குறைத்துப் பார்த்தும் மாரடைப்பு குறையவில்லை. அப்புறம் எதற்கு அது இன்னும் இதய பேக்கேஜில் இருக்கிறது? விலைப்பட்டியலில் ஒரு வரி கூடுகிறதே, அதற்குத்தான் என்று நினைக்கிறேன். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஏறுகிற சிஆர்பியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொஞ்சம் பயனுண்டு, ஆனால் சளிக் காய்ச்சலோடு வந்து கை நீட்டினால் அது எகிறித்தான் இருக்கும். பல்வலிக்கும் ஏறலாம்.

கோபம் என்னவென்றால், எடுத்திருக்க வேண்டிய ஒன்று அந்த 14 பக்கத்தில் இல்லை. லைப்போப்ரோட்டீன் ஏ. லேபில் 'எல்பி லிட்டில் ஏ' என்போம். 1963இல் நார்வேக்காரர் கோரே பெர்க் கண்டுபிடித்தது. கெட்ட கொழுப்புத் துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் இது. அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நடைப்பயிற்சி, டயட், எண்ணெய் மாற்றுவது எதற்கும் பெரிதாக அசையாது. கொலஸ்ட்ராலுக்குப் போடுகிற ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைக்காது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடச் சராசரியாக அதிகம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019இலேயே அப்படிச் சொன்னது, இந்திய இதயவியல் சங்கமும் 2024இல் சொல்லிவிட்டது. வருடா வருடம் எடுக்கத் தேவையில்லாத டெஸ்டை யார் விளம்பரம் செய்வார்கள், சொல்லுங்கள்.

குறைக்க முடியாததை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். இது அதிகமாக இருப்பவருக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 130 என்பது 'பரவாயில்லை' கிடையாது. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதிலும் சலுகை கிடையாது. டாக்டர் மாத்திரையை முன்னதாகவே தொடங்கலாமா என்று யோசிப்பார்.

சரி, மச்சான் கதைக்கு வருகிறேன். ரிப்போர்ட்டை மூடி வையுங்கள் என்று திட்டி, மறுநாளே இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் 14 பக்கத்தையும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "எத்தனை படி ஏறினால் வலிக்கிறது? நின்றால் போய்விடுகிறதா?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விக்கான பதிலிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. ட்ரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்க்கிற டிஎம்டி டெஸ்டில் நாலாவது நிமிடம் நிறுத்தினார்கள். ஆஞ்சியோவில் முன்பக்க முக்கியக் குழாயில் 80 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அப்புறம்தான் எல்பி லிட்டில் ஏ எடுத்தோம். 118.

போன சனிக்கிழமை அவர் மகனுக்கு நானே ரத்தம் எடுத்தேன். 24 வயது, ஒல்லி, தினமும் ஃபுட்பால் ஆடுகிறவன். "எனக்கு எதுக்கு மாமா?" என்று சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினான். 91 வந்திருக்கிறது. ராத்திரி அக்கா போன் செய்து, சின்னவளுக்கும் எடுக்கணுமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.